உப்பாக அல்ல, கல்லாக: அணுக்கழிவைத் திண்மமாக்கும் முறைகள்

கற்பிட்டிக் கடற்கரையிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால் அது ஏறத்தாழ 225 கிலோமீற்றரில் கூடங்குளத்தின் அருகே கரையேறும். இரண்டு ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. இந்தியாவின் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 1000 மெகாவாற்று உலைகள் இரண்டு இயங்குகின்றன. முதலாவதில் 2013 ஜூலையிலும் இரண்டாவதில் 2016 ஜூலையிலும் அணுக்கருத் தொடர்தாக்கம் ஆரம்பமானது. மேலும் நான்கு உலைகள் கட்டப்பட்டு வருகின்றன.

உயர்தர வகுப்பில் நான் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அணுக்கரு பற்றிய பாடம் வரும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது எழுந்து, "டீச்சர், அந்தக் கழிவையெல்லாம் கடைசியில என்ன செய்வாங்க?" என்று கேட்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமாரும் வாப்பாமாரும் இதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: "கடல்ல கலந்தா நம்மட மீனுக்கு என்ன ஆகும்?" கடலையும் களப்பையும் நம்பிப் பிழைக்கும் ஊரில் இது பரீட்சைக்காக மட்டும் கேட்கப்படும் கேள்வி அல்ல. ஆகவே வகுப்பில் சொல்வதைச் சற்று விரித்து, மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்கும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதன் சாரம் இது. கழிவு எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அது எந்தப் பொருளுக்குள் இருக்கிறது? அந்தப் பொருளை நீர் என்ன செய்யும்?

அழிக்க முடியாதது, அடைக்கக் கூடியது

குப்பையை எரிக்கலாம், உக்கவைக்கலாம். அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கலாம். கதிர்த்தொழிற்பாடு இவை எதற்கும் கட்டுப்படாது. ஏனெனில் அது அணுவின் கருவில் நடப்பது. எரித்தலும் கரைத்தலும் தாக்கம் புரிதலும் கருவைச் சுற்றியுள்ள இலத்திரன்களோடு நின்றுவிடுகின்றன. சீசியம் அணுவை எந்தச் சேர்வையில் வைத்தாலும் அதன் கரு தன் நேரத்தில்தான் தேயும்.

அந்த நேரத்தைத்தான் அரை ஆயுட்காலம் என்கிறோம். சீசியம்-137 இற்கு அது ஏறத்தாழ 30 ஆண்டு, ஸ்ரொன்சியம்-90 இற்கு ஏறத்தாழ 29 ஆண்டு. பத்து அரை ஆயுட்காலம் கடந்தால் இரண்டைப் பத்து முறை பெருக்கி வரும் 1024 இல் ஒரு பங்கே மிஞ்சும். அதாவது சீசியத்துக்கு 300 ஆண்டு காவல் தேவை. புளூட்டோனியம்-239 இன் அரை ஆயுட்காலமோ 24,100 ஆண்டு. அதற்கு இதே கணக்கைப் போட்டால் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ஆண்டைத் தாண்டும்.

இவ்வளவு காலம் எந்த அரசும் எந்தக் காவலாளியும் நிற்கப் போவதில்லை. காவலைப் பொருளிடமே ஒப்படைக்க வேண்டும். அழிக்க முடியாததை நகர முடியாமல் செய்வதுதான் வழி. அதை மனிதரிடமும் மீனிடமும் கொண்டுவந்து சேர்க்கும் முதல் வாகனம் நீர். எனவே, "நீரில் எவ்வளவு கசிகிறது?" என்பதே எந்தத் திண்மத்துக்கும் வைக்கப்படும் முதற் சோதனை.

உப்பாக இருந்த சீசியம்

புத்தளத்துப் பிள்ளைகளுக்கு உப்பைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உப்பளத்தில் மாதக்கணக்கில் விளைந்த உப்பை ஒரு பெருமழை சில மணி நேரத்தில் கரைத்துவிடும். சோடியம் குளோரைட்டில் சோடியம் இருக்கும் இடத்தில் சீசியத்தை வைத்தால் சீசியம் குளோரைட்டு. அதுவும் உப்பைப் போலவே தூளாகும், ஈரத்தில் ஒட்டும், நீரில் கரையும்.

பிரேசில் நாட்டின் கொயானியா நகரில் 1987 செப்டெம்பரில் நடந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கைவிடப்பட்ட ஒரு கதிர்ச்சிகிச்சை நிலையத்தில் பழைய இயந்திரம் ஒன்று கிடந்தது. பழைய இரும்பாக விற்பதற்காக இருவர் அதன் உட்பகுதியைக் கழற்றி எடுத்துச் சென்றனர். உள்ளே இருந்தது ஏறத்தாழ 93 கிராம் சீசியம் குளோரைட்டு. அது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதென்று உறவினரும் அயலவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். சிலர் உடலிலும் பூசிக்கொண்டனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அத்தூள் பட்ட கையாலேயே உணவு உண்டாள். சில வாரங்களில் அச்சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரில் மாசு கண்டறியப்பட்டது. வீடுகளை இடித்து மண்ணையும் சுரண்டி அள்ளியபோது சேர்ந்த கழிவு ஏறத்தாழ 3500 கன மீற்றர்.

ஒரு கைப்பிடி அளவுக்கும் குறைந்த தூள் ஒரு நகரத்தையே கலக்கியதற்குக் காரணம் கதிர்வீச்சு மட்டுமன்று. அது உப்பாக இருந்தது. அதே சீசியம் கண்ணாடிக்குள் இருந்திருந்தால் கிட்ட நின்றவருக்கு அப்போதும் ஆபத்துத்தான். ஆனால் கையிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும், வீட்டிலிருந்து வீதிக்கும் தூளாகப் பரவியிராது.

சீமெந்தின் பிடி

மிக எளிய அடைப்பு சீமெந்து. அணுநிலையங்களிலும் வைத்தியசாலைகளிலும் வரும் கழிவில் பெரும்பகுதி கதிர்த்தொழிற்பாடு குறைந்தது: கையுறை, வடிகட்டி, கழுவிய நீரின் வண்டல் போன்றவை. இவற்றைச் சீமெந்துடன் கலந்து உருளைகளில் இறுகவிடுவது பல நாடுகளின் வழக்கம். மலிவு, சூடாக்கத் தேவையில்லை, எங்கும் செய்யலாம்.

நம் ஊருக்கும் இது புதிதன்று. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் பறக்கும் சாம்பலைச் சீமெந்து உற்பத்தியில் சேர்க்கிறார்கள். காற்றில் பறக்கக்கூடிய தூள் அதன்பின் சுவராக நிற்கிறது. தூளை அசையாப் பொருளாக்குவது என்ற கருத்து இரண்டிலும் ஒன்றுதான்.

சீமெந்துக்கு ஒரு குறை உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதற்குள் நிறைய. உவர்நீர்க் கிணற்றுக் கட்டில் வெண்மையாகப் பூக்கும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தத் துளைகள் வழியாக வந்தது. பல உலோகங்கள் சீமெந்தின் காரத்தன்மையில் கரையாத ஐதரொட்சைட்டாகி நின்றுவிடும். சீசியம் அப்படி நிற்காது. மெல்ல மெல்ல வெளியே வரும். அதனால் சீசியம் உள்ள கழிவுக்குச் சீமெந்துடன் அதைப் பற்றிக்கொள்ளும் களிமண் வகைகளையும் சேர்ப்பார்கள். கடுமையான கழிவுக்கு அதுவும் போதாது.

வளையலின் நிறம் ஏன் போவதில்லை?

புதுத் துணியை முதல் முறை தோய்த்தால் சாயம் போகும். கையில் கிடக்கும் நீலக் கண்ணாடி வளையலைப் பத்து வருடம் கழுவினாலும் நிறம் போகாது. துணியில் சாயம் நாரின்மேல் ஒட்டியிருக்கிறது. வளையலில் நீலத்தைத் தரும் கோபோல்ற்று, கண்ணாடி உருகியிருந்தபோதே அதனுள் கலந்து, ஆறும்போது அதன் பின்னலில் ஓர் உறுப்பாகிவிட்டது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் கண்ணாடியையே குலைக்க வேண்டும்.

கதிர்த்தொழிற்பாடு மிகுந்த கழிவுக்கும் இதைத்தான் செய்கிறார்கள். உலையில் பயன்பட்ட எரிபொருளை அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்தபின் எஞ்சும் திரவத்தில் சீசியம், ஸ்ரொன்சியம் உட்படப் பல மூலகங்கள் இருக்கும். கனவளவில் இது மொத்தக் கழிவின் மிகச் சிறு பங்கு. கதிர்த்தொழிற்பாட்டிலோ மிகப் பெரும் பங்கு. இந்தத் திரவத்தை ஆவியாக்கி, கண்ணாடித் தூளுடன் சேர்த்து, 1000 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்கு மேலோ உருக்கி, துருப்பிடிக்காத உருக்குக் கொள்கலன்களில் வார்த்து, மூடியைப் பற்றவைத்து மூடுவார்கள். அத்தனையும் தடித்த சுவருக்கு அப்பாலிருந்து இயந்திரக் கைகளால் செய்யப்படும். பிரான்சின் மார்க்கூல் என்ற இடத்தில் 1978 இல் இது தொழிற்சாலை அளவில் தொடங்கியது.

இதற்கு எடுக்கும் கண்ணாடி போரோசிலிக்கேற்று. நம் ஆய்வுகூடத்து முகவைகள் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. சூட்டுக்கும் அமிலத்துக்கும் ஈடுகொடுப்பவை. சிலிக்கனும் ஒட்சிசனும் போரனும் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடப்பதால் அந்தப் பின்னலில் சிறிய அணுவுக்கும் இடம் உண்டு, பெரிய அணுவுக்கும் இடம் உண்டு. பல மூலகங்கள் கலந்த கழிவுக்கு இந்தத் தாராளம் தேவை.

நீரில் கண்ணாடி கரையவே கரையாது என்று சொல்ல முடியாது. கடற்கரையில் பொறுக்கும் போத்தல் துண்டுகள் மங்கியிருப்பது பெரும்பாலும் மணலும் அலையும் உராய்ந்ததால். ஆனால் நீரும் தன் பங்குக்கு மேற்பரப்பிலுள்ள சோடியத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக எடுக்கும். போரோசிலிக்கேற்றில் அப்போது மேலே மெல்லிய களிபோன்ற படை ஒன்று உருவாகும். அந்தப் படையே மேலும் கரைவதைத் தாமதப்படுத்தும்.

இது எவ்வளவு காலம் தாங்கும்? பழைய கண்ணாடியிடம்தான் கேட்க வேண்டும். மத்தியதரைக் கடலில் எம்பியே தீவருகே மூழ்கிய உரோமர் காலக் கப்பல் ஒன்றில் ஏறத்தாழ 1800 ஆண்டுகள் கடல்நீரில் கிடந்த கண்ணாடிக் கட்டிகளைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதற்காகவே ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கு வடக்கே மன்னார் மாவட்டத்து மாந்தைத் துறைமுகத்தை அகழ்ந்தபோது ஆயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடந்த கண்ணாடி மணிகள் கிடைத்தன. அந்தத் துறைமுகம் இன்று இல்லை. மணிகள் இருக்கின்றன.

தாராப்பூரும் துரொம்பேயும் கல்பாக்கமும்

இந்தியா பயன்பட்ட எரிபொருளை மீள்பதப்படுத்தும் கொள்கையுடைய நாடு. அதனால் அதற்குக் கண்ணாடியாக்கும் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. மகாராஷ்டிரத்தின் தாராப்பூர், மும்பையின் துரொம்பே, தமிழ்நாட்டின் கல்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் கழிவைத் திண்மமாக்கும் நிலையங்கள் அமைந்தன. வார்த்த கண்ணாடி உடனே புதைக்கப்படுவதில்லை. உள்ளே கதிர்த்தொழிற்பாடு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். ஆகவே காற்றோட்டத்தால் குளிரும் நிலவறைகளில் பல பத்தாண்டுகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள்.

துரொம்பேயில் எழுந்த ஒரு சிக்கல் இரசாயன மாணவியருக்கு நல்ல பாடம். அங்கிருந்த கழிவில் சல்பேற்று இருந்தது. சோடியம் போரோசிலிக்கேற்றுக் கண்ணாடி சல்பேற்றை மிகக் குறைவாகவே ஏற்கும். மிஞ்சியது உருகிய கண்ணாடியின்மேல் தனிப் படையாக, எண்ணெய்போல, மிதந்து நிற்கும். அந்தப் படை நீரில் கரையும் உப்பு. சீசியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். கல்லாக்கப் போன இடத்தில் மறுபடியும் உப்பு! பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தினர் கண்ணாடியில் பேரியம் ஒட்சைட்டைச் சேர்த்து, சல்பேற்றைக் கூடுதலாக ஏற்கும் பேரியம் போரோசிலிக்கேற்றை உருவாக்கி இதைத் தீர்த்தனர். ஒரே செய்முறை எல்லாக் கழிவுக்கும் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

கூடங்குளத்தின் நிலை வேறு. அங்கு பயன்பட்ட எரிபொருள் நிலைய வளாகத்தின் நீர்த்தொட்டிகளிலேயே வைக்கப்படுகிறது. அந்த எரிபொருளும் ஒரு திண்மந்தான். சேர்க்கோனியக் கலப்புலோகக் குழாய்களுக்குள் அடுக்கிய யுரேனியம் ஈரொட்சைட்டு வில்லைகள் அவை. சுட்ட மட்பாண்டம் போன்ற இந்த ஒட்சைட்டு நீரில் எளிதில் கரையாது. புதிதாக வெளியே எடுத்த எரிபொருளுக்கு நீர் குளிர்ச்சியும் தருகிறது, கதிர்வீச்சையும் தடுக்கிறது. ஆனால் நீர்த்தொட்டி என்பது மனிதர் நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடு. அது இறுதி இருப்பிடம் அல்ல. இந்தியாவில் ஆழ்நிலக் களஞ்சியம் இன்னும் அமையவில்லை.

இரத்தினபுரியின் கற்கள் சொன்னது

கண்ணாடியின் வயதை ஆயிரங்களில்தான் எண்ண முடிகிறது. புளூட்டோனியத்துக்கு இலட்சங்கள் வேண்டும். அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ரெட் ரிங்வுட் என்ற புவியியலாளர் 1978 இல் ஒரு யோசனையை முன்வைத்தார். யுரேனியத்தையும் தோரியத்தையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்து வந்த கனியங்கள் இயற்கையில் இருக்கின்றன. அதே கனியங்களை நாமே ஆக்கி, அவற்றின் பளிங்குச் சாலகத்தில் கழிவு அணுக்களை உட்கார வைக்கலாமே என்றார். செயற்கைப் பாறை என்ற பொருளில் அதற்குச் சின்ரொக் என்று பெயர் வந்தது. அதன் மூன்று முக்கிய கனியங்களும் தைத்தேனியம் கொண்டவை. ஹொலண்டைற்று சீசியத்தை ஏற்கும். பெரொவ்ஸ்கைற்று ஸ்ரொன்சியத்தை ஏற்கும். சேர்க்கோனோலைற்று யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் ஏற்கும். கண்ணாடி திறந்த சந்தை என்றால் இது ஆளுக்கொரு கதிரை குறித்த மண்டபம்.

இந்தக் கதையில் நம் தீவுக்கு ஓர் இடம் உண்டு. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்று அறிஞராகவே நாம் அறிவோம். அவர் முதலில் புவியியலாளர். இலங்கைக் கனியவள ஆய்வின் முதலாவது பணிப்பாளர். பலாங்கொடைப் பகுதியில் அவர் கண்டறிந்த கறுத்த கனமான கனியத்துக்கு 1904 இல் தோரியனைற்று என்று பெயரிடப்பட்டது. அது பெரும்பாலும் தோரியம் ஈரொட்சைட்டு, யுரேனியமும் கலந்தது. பின்னாளில் ஏக்கநாயக்க என்ற மாணிக்கவியலாளர் கண்டெடுத்த, தோரியம் செறிந்த பச்சைக் கல்லொன்று அவர் பெயராலேயே ஏக்கனைற்று என அழைக்கப்படுகிறது.

எல்லாவற்றிலும் அதிகம் ஆராயப்பட்டது சிர்க்கோன். நிறமற்ற சிர்க்கோனை மாத்தறை வைரம் என்று விற்பதுண்டு. பேருவளை வியாபாரிகளுக்கு நன்கு பழக்கமான கல். இலங்கைச் சிர்க்கோன்களின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டு. அவற்றினுள் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது தேயும்போது வெளிவரும் அல்பா துணிக்கை ஒருபுறம் பாய, பின்னுதைக்கப்படும் கனமான அணு மறுபுறம் மோதி, சாலகத்தைச் சிறிது சிறிதாகக் குலைக்கிறது. 1955 இல் ஹொலண்ட், கொட்ஃபிரீட் என்ற இருவர் இலங்கைச் சிர்க்கோன்களைக் கொண்டே இதை அளந்து காட்டினர். சேதம் கூடக் கூடக் கல் பருத்து அடர்த்தி குறைகிறது. ஒழுங்கான பளிங்கு ஒழுங்கற்றதாகிறது. ஆனாலும் மலைப்பாறையிலிருந்து உதிர்ந்து, ஆற்றில் உருண்டு, மழை பெய்யும் நாட்டில் சரளைக்குள் கிடந்த பின்னும் பெரும்பாலான கற்களில் யுரேனியமும் அது தேய்ந்து உண்டான ஈயமும் உள்ளேயே இருக்கின்றன. மாணிக்கக் குழியில் கல் கிடைக்கும் சரளைப் படையை 'இல்லம்' என்பார்கள். பொருத்தமான சொல்தான்.

இதில் நம்பிக்கையும் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கின்றன. கல் தாங்கும், ஆனால் காயப்படாமல் அல்ல. கழிவை ஏற்றிய செயற்கைக் கல்லில் கதிர்த்தொழிற்பாடு இயற்கைக் கல்லைவிட மிக அதிகம். இயற்கையில் கோடி ஆண்டுகளில் நேரும் காயம் அங்கே மிகக் குறுகிய காலத்தில் நேரும். எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பை நம் கற்களின் காயங்களிலிருந்தும் கற்றுக்கொள்கிறார்கள்.

கல் மட்டும் போதுமா?

போதாது. 2010 இல் டில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்குப் பாவனையற்ற ஆய்வுக் கருவி ஒன்று வந்தது. அதிலிருந்த கோபோல்ற்று-60 தூளோ உப்போ அல்ல, உலோகம். ஆயினும் என்னவென்று அறியாமல் அதைப் பிரித்தவர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாகினர், ஒருவர் இறந்தார். திண்மம் பரவலைத் தடுக்கும். பதிவேடும் பொறுப்பும் இல்லாவிட்டால் திண்மத்தாலும் ஆபத்து வரும்.

பின்லாந்து ஒன்கலோ என்ற இடத்தில் ஏறத்தாழ 190 கோடி ஆண்டுப் பழைமையான பாறையில் 400 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் களஞ்சியம் அமைத்திருக்கிறது. ஒட்சைட்டு வில்லை, அதைச் சூழ வார்ப்பிரும்பு, அதன்மேல் செம்புக் கலன், அதைச் சுற்றி நனைந்தால் உப்பி நீரை மறிக்கும் பெண்டனைற்றுக் களிமண், பிறகு பாறை. ஒன்று தவறினாலும் அடுத்தது நிற்கும் என்பதே கணக்கு.

கொழும்பின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2018, 2019 ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் வீதிக்கு வந்ததை நீங்கள் அறிவீர்கள். குப்பையிலிருந்து வடியும் நீர் எங்கே போகும், நிலத்தடி நீருக்கும் களப்புக்கும் என்ன ஆகும் என்று அன்று கேட்டவர்களில் பலர் விஞ்ஞானம் படித்தவர்கள் அல்லர். ஆனால் ஆய்வுகூடங்கள் கண்ணாடியிடமும் கல்லிடமும் கேட்பதும் அதே கேள்விதான். அணுமின் பற்றிய பேச்சு இலங்கையிலும் அவ்வப்போது எழுகிறது. அப்போது பயந்து ஓடவும் வேண்டாம், யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்கவும் வேண்டாம். கழிவு எந்தப் பொருளில் அடைக்கப்படும், நீரில் எவ்வளவு கசிகிறது என்று அளந்தவர் யார், இறுதி இடம் எது, பதிவேடு யாரிடம் என்று கேளுங்கள். அயல்நாட்டைப் பற்றிக் கேட்கவும் இவைதாம் கேள்விகள்.

செய்து பார்க்க

க.பொ.த உயர்தர மாணவியர் ஆசிரியையின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம். ஒரு தேக்கரண்டி உப்பைச் சீமெந்துடன் பிசைந்து சிறு கட்டியாக்கி ஒரு வாரம் இறுகவிடுங்கள். சீமெந்தைத் தொடும்போது கையுறை அணியுங்கள். மூன்று முகவைகளில் காய்ச்சி வடித்த நீரை எடுங்கள். ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒன்றில் சீமெந்துக் கட்டி, ஒன்றில் நீல வளையல் துண்டு.

முதல் நாளும் பின்னர் வாரம் ஒருமுறையும் முதல் இரண்டிலிருந்தும் சில துளி நீரை எடுத்து, ஐதான நைத்திரிக்கமிலத்தால் அமிலமாக்கி, வெள்ளி நைத்திரேற்று சேருங்கள். குளோரைட்டு இருந்தால் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். உப்பிட்ட முகவையில் அது உடனே அடர்த்தியாக வரும். சீமெந்து முகவையில் எந்த நாளில் எவ்வளவு என்பதைக் குறித்து வையுங்கள். மூன்றாவது முகவையின் நீரை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்து, நீலம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தவணை முடிவில் மூன்று முகவைகளின் குறிப்பையும் ஓர் அட்டவணையாக்கிக் கொண்டு வாருங்கள். வகுப்பில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.